கரண்டை நிறுத்தியது யார்?

"தோத்துட்டா நானே கிளம்பிடுவேன். ஆனா யாரோ தோக்கடிச்சு நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்" என்றாள் மலீனா.

தெருக்கதவைத் திறந்த கையோடு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வணக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஸ்மராண்டா ஷிதாரு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் பிரைலாவில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் ஒரே பெண் ஸ்மராண்டா. ஐம்பதைத் தொட்டுவிட்டவள். யோசிக்கும்போது சூரியகாந்தி விதை கொறிப்பாள். தோலைக் கீழே துப்பாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். அவளுக்குப் பின்னால் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றவன் ஜேலு, அவளுடைய உதவியாளன். ஒரு காலத்தில் கூரைக்குக் கூரை தாவி இன்டர்நெட் கேபிள் இழுத்தவன். இப்போது தாவுவது அவன் வாய் மட்டும்தான் என்று ஸ்மராண்டா சொல்வாள்.

கழுத்துக்கு என்ன என்று மலீனா கேட்டாள். டிராமில் யாரோ வெளியூர்க்காரன் ஜன்னலைத் திறந்துவிட்டான், எதிர்ப்பக்கத்து ஜன்னலும் திறந்திருந்தது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று ஜேலு சொன்னான். மலீனா நிஜமான பரிதாபத்தோடு தலையை ஆட்டினாள். எங்கள் ஊரில் இதற்குப் பரிதாபப்படாத ஆள் கிடையாது.

விஷயத்தை மலீனா வாசல்படி ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். பிறகு வீட்டிலிருந்தே படித்து முடித்தாள். டான்யூப் ஆற்றில் போகும் கப்பல்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குத் தேர்வு எழுதினாள். எழுத்துத் தேர்வில் தேறியும்விட்டாள். பாக்கி இருப்பது வாய்மொழித் தேர்வு. அவள் வீட்டில் டேப்லெட் முன்னால் உட்கார வேண்டும். தேர்வாளர்கள் தலைநகரில் உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். மொத்தம் மூன்று வாய்ப்பு. ஈஸ்டருக்கு முன்னால் ஒன்று அறுந்தது. ஈஸ்டர் முடிந்து ஒன்று அறுந்தது. மூன்றாவது இன்றைக்கு, மதியம் மூன்று மணிக்கு.

வேறு வீட்டில் போய் உட்கார்ந்தால் என்ன என்று ஜேலு கேட்டான். பதிவு செய்த விலாசத்தையும் பதிவு செய்த இணைப்பையும் மாற்றக் கூடாது என்பது விதி என்றாள்.

"விதி இல்லேன்னாலும் போக மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். "நான் ஏன் ஓடணும்? ஓட வேண்டியவன் எவன்னு கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டேன்."

"கம்பெனி ஆள் வந்து பார்த்தானா?" என்றாள் ஸ்மராண்டா.

வந்தானாம், ஒவ்வொரு தடவையும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"அவன் அப்படிச் சொல்லிட்டா அது கோளாறு இல்லை மேடம், குற்றம்" என்றான் ஜேலு.

வீடு பழைய தானிய வியாபாரி ஒருவர் கட்டியது. துறைமுகம் செழித்த காலத்துச் சுவர்கள். ஜேலு கையை விரித்து அளந்துபார்த்து, பீரங்கி வைத்தாலும் உள்ளே தூங்கலாம் என்றான். இந்தச் சுவர்களைத் தாண்டி மேல்மாடிக்கு வைஃபை போகாததால்தான் குளிர்காலத்தில் மலீனா மெஷ் வைஃபை போட்டிருந்தாள். மூன்று வெள்ளைப் பெட்டிகள். கீழ்த்தளத்தில் மோடத்தோடு ஒன்று, நடுத்தளத்தில் ஒன்று, அவள் இருக்கும் கூரையறையில் ஒன்று. கீழே இருக்கிற பெட்டி நடுப்பெட்டிக்குக் கொடுக்கும், நடுப்பெட்டி மேலே தள்ளிவிடும். வாளியில் தண்ணீரைக் கை மாற்றுகிற மாதிரி. நடுவில் ஒரு கை விலகினால் மேலே வறட்சி.

கீழ்த்தளத்தில் இருந்தவர் ஸம்ஃபிர், மலீனாவின் தாய்மாமன். அகலமான மனிதர், அகலமான சிரிப்பு. காப்பி போட்டு, ஈஸ்டருக்குச் செய்ததில் மிச்சமிருந்த இனிப்பு ரொட்டியை நறுக்கி வைத்து, துப்பறிகிறவர்கள் தன் வீட்டுக்கு வந்தது பெருமை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெண்ணுக்குப் பயம், பயத்தில் அவளே பிடுங்கிவிடுகிறாள், இதற்குத் துப்பறிய என்ன இருக்கிறது என்றார். தாழ்த்தினாலும் மலீனாவுக்குக் கேட்கும்படிதான் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. பொலோன்யாவுல நல்ல வீடு, நல்ல மனுஷங்க" என்றார்.

"டிக்கெட் எடுத்தது நீங்க. நீங்களே உக்காந்து போங்க மாமா" என்றாள் மலீனா.

அவளுடைய அம்மா வியோரிகா வெளிநாட்டில், பொலோன்யா நகரத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். தூக்கித் தூக்கி அவள் முதுகு போய்விட்டது. அவள் இடத்துக்கு மகள் வருவாள் என்று ஸம்ஃபிர் அந்தக் குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மகளைக் கேட்கவில்லை.

ஸம்ஃபிர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ஜேலு குனிந்து, வழக்கு முடிந்தது, காப்பியைக் குடித்துவிட்டுக் கைது செய்யலாம் என்றான். மலீனா உதட்டைப் பிதுக்கினாள். அவளும் முதல் தடவை மாமாவைத்தான் நினைத்திருந்தாள். அதனால் இரண்டாவது தடவை தன் பழைய போனைக் கீழ்ப்பெட்டிக்கு எதிரே மறைத்து வைத்து, தேர்வு முடியும்வரை வீடியோ எடுக்க விட்டிருந்தாள். அதைக் காட்டினாள்.

பெட்டி. பெட்டியில் விளக்கு. பக்கத்து ஜன்னலின் திரைச்சீலை எழும்பி வந்து பெட்டியை மூடிவிட்டு விலகியது; மறுபடி மூடிவிட்டு விலகியது. அந்தப் பக்கம் கொல்லைக்கதவு வழியாக முற்றம் தெரிந்தது. முற்றத்தில் ஸம்ஃபிர் பக்கத்து வீட்டுக்காரரோடு பகடை உருட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவே இல்லை. பெட்டியின் அருகே ஒரு ஈகூட வரவில்லை.

"இதைவிட என் கல்யாண வீடியோவுல விறுவிறுப்பு ஜாஸ்தி" என்றான் ஜேலு. "காரணம் இருக்கு, கை இல்லையே மேடம்."

ஸ்மராண்டா வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டாள். பையிலிருந்து விதை ஒன்று வெளியே வந்தது.

வேலையைத் தொடங்கினார்கள். ஜேலு பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி போட்டான். கீழ்ப்பெட்டி ஓடு பதித்த பெரிய கணப்பு அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை மேலே விழுந்து குழப்புகிறதா என்று பார்த்தான். பக்கத்து வீட்டில் வைஃபையே இல்லை. நடுத்தளத்துக்கு ஏறினார்கள். படி முடிகிற இடத்தில் சுவரோடு சாய்ந்து திறந்து கிடந்தது ஒரு பெரிய கதவு. அதைத் தாண்டி நீண்ட நடை. நடையில் புனிதர் படத்துக்குப் பக்கத்தில் நடுப்பெட்டி உட்கார்ந்திருந்தது. நடையின் கோடியிலிருந்து கூரையறைக்கு மரப்படிகள் ஏறின. அவற்றின் உச்சியில் இருந்த கண்ணாடிப் பலகணியில் ஒரு சில்லு உடைந்து வானம் தெரிந்தது. எல்லா இடத்திலும் சிக்னல் முழுதாக இருந்தது.

ஜேலு கூரையறைக்குப் போய் அங்கிருந்து ஸ்மராண்டாவை வீடியோவில் அழைத்தான். அவன் முகப்பரு வரை தெளிவாகத் தெரிந்தது. இப்படியே அவன் ஒரு பாட்டும் பாடினான். பாட்டு அறுந்தால் நன்றாக இருக்கும் என்று கீழே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அறுந்துபோகவில்லை.

"அறுந்தப்போ நடுப்பெட்டியில என்ன விளக்கு எரிஞ்சுது?" என்று ஸ்மராண்டா மலீனாவைக் கேட்டாள்.

"ஓடி வந்து பார்த்தேன். ஆரஞ்சு. ரெண்டு தடவையும் ஆரஞ்சு."

ஆரஞ்சு என்றால் கீழ்ப்பெட்டியின் குரல் எட்டவில்லை என்று அர்த்தம். ஸ்மராண்டா அதை மனதில் மடித்து வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அக்லாயா வெளியே வந்தாள். ஸம்ஃபிருக்கும் வியோரிகாவுக்கும் மூத்தவள், மலீனாவுக்குப் பெரியம்மா. நடுத்தளம் அவளுடையது. தலையில் துணி, தோளில் சால்வை, இரண்டு காதிலும் பஞ்சு. வந்தவர்கள் யாரென்று மலீனா அவள் காதருகே சொன்னாள். ஜேலு மேலேயிருந்து இறங்கி வந்து, தேர்வு நாட்களைக் குறிப்பிட்டு, பஞ்சையும் தாண்டிப் போகிற குரலில் கேட்டான்.

"அம்மா, அன்னைக்கெல்லாம் கரண்ட் இருந்துச்சா?"

"கரண்டா?" அக்லாயா முகத்தைச் சுளித்தாள். "இருந்துச்சே. பயங்கரமா இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன்."

மலீனா சட்டென்று பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவையுமா?" என்றான் ஜேலு.

"ரெண்டு தடவையும்தான். பின்ன? அப்படியே விட்டிருந்தா செத்திருப்பேன்."

மாமாவென்றால் மலீனா சண்டை போட்டிருப்பாள். சாப்பாட்டுத் தட்டைக் கூரையறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போகிற பெரியம்மாவிடம் என்ன சண்டை போடுவது? நீங்களா என்று மட்டும் கேட்டாள். நான்தான், அதற்கென்ன இப்போது என்பதுபோல அக்லாயா பார்த்தாள்.

ஸம்ஃபிர் எப்போது படியேறி வந்தார் என்று தெரியவில்லை. கையை விரித்துப் பெருமூச்சு விட்டார். பாவம், வயதாகிவிட்டது, மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள், ஷாக் அடிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பயம், அவளைத் திட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சேர்த்து அவரே தீர்ப்பு சொன்னார். ஜேலு ஒரு நாற்காலியை இழுத்துப்போய் மெயின் பலகைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். தேர்வு முடியும்வரை நான் இங்கேதான், சுவிட்சைத் தொட வேண்டுமானால் என் தொப்பையைத் தாண்டித்தான் தொட வேண்டும் என்றான்.

சுவரில் மணி இரண்டரையை நெருங்கியது. மலீனா மேலே போகத் திரும்பினாள்.

"நில்லு" என்றாள் ஸ்மராண்டா.

அவள் சமையலறை வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடைமேல் மைக்ரோவேவ் அடுப்பு. அதன் பச்சை எண்கள் ஒன்றரை என்று காட்டின.

"இந்தக் கடிகாரம் ஏன் ஒரு மணி நேரம் பின்னாடி இருக்கு?"

அது அப்படித்தான் என்றாள் மலீனா. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அம்மா சரிசெய்து வைத்தது. மார்ச் கடைசியில் ஊரே கடிகாரத்தை முன்னால் தள்ளியபோது இதைத் தள்ள யாருக்கும் தெரியவில்லை.

"ஜேலு, மெயினை அணைச்சா இந்த அடுப்பு என்ன காட்டும்?"

"பூஜ்யம். பூஜ்யம் கண் சிமிட்டும். எங்க வீட்டுல வருஷம் பூரா..." அவன் நிறுத்தினான். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தான். "மேடம், இது தப்பா ஓடுற கடிகாரம் இல்லை. தப்பை நேரா ஓட்டிட்டு இருக்கிற கடிகாரம். கிறிஸ்துமஸிலேர்ந்து இந்த வீட்டுல மின்சாரம் ஒரு நிமிஷம்கூடப் போகலை."

"பெட்டியில எரிஞ்சதும் ஆரஞ்சு விளக்கு" என்றாள் ஸ்மராண்டா. "மெயின் போயிருந்தா விளக்கே எரியாது. அதோட, கரண்ட் இருந்துச்சான்னு நீ கேட்டே. அம்மா என்ன சொன்னாங்க? பயங்கரமா இருந்துச்சுன்னாங்க. மின்சாரம் இருக்கும், இல்லாம இருக்கும். பயங்கரமா இருக்குமா?"

ஸம்ஃபிர் சிரிக்க முயன்றார். வயதானவள் எதையோ உளறுகிறாள் என்றார்.

ஸ்மராண்டா அவர் பக்கம் திரும்பவில்லை. ஜேலுவை மறுபடி கூரையறைக்கு அனுப்பி, வீடியோவில் அழைக்கச் சொன்னாள். போனைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அக்லாயாவிடம் அன்பாகக் கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு எப்படி நிறுத்தினீங்களோ அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க."

அக்லாயா மெயின் பலகைப் பக்கம் போகவே இல்லை. நடையில் நேராக நடந்து, படி முடிகிற இடத்துக்கு வந்து, சுவரோடு சாய்ந்திருந்த பெரிய கதவைத் தோளால் முட்டித் தள்ளினாள். அது முனகிக்கொண்டே வந்து நிலையில் மோதியது. வீடே ஒருமுறை தும்மியது.

திரையில் ஜேலு வாயைத் திறந்தபடி உறைந்தான். நடுப்பெட்டியின் விளக்கு ஆரஞ்சானது.

எங்கள் ஊரில் கரண்ட் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். கம்பியில் ஓடும் மின்சாரமும் கரண்ட். எதிரெதிரே திறந்து கிடக்கும் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓடும் காற்றும் கரண்ட். மின்சாரம் அடித்துப் பிழைத்தவர்கள் உண்டு. காற்று அடித்தால் பிழைக்க முடியாது என்று சொல்லித்தான் இங்கே குழந்தைகளை வளர்க்கிறார்கள். காதுவலியா, பல்வலியா, வாய் கோணிவிட்டதா, கரண்ட் இழுத்துவிட்டது என்பார்கள். புழுங்கிச் செத்தாலும் சாவோம், இரண்டு ஜன்னலைச் சேர்ந்தாற்போலத் திறக்க மாட்டோம்.

ஜேலு தடதடவென்று இறங்கி வந்து கதவின் உள்பக்கத்தைத் தட்டிப் பார்த்தான். மரம் இல்லை. முழுக்க இரும்புத் தகடு. தானியக் கிடங்கு தீப்பிடித்தால் மேலே பரவாமல் இருக்க அந்தக் காலத்து வியாபாரி அடித்து வைத்தது. சுவர் விடாத சிக்னல் படிக்கட்டு வழியாகத்தான் ஏறி வந்துகொண்டிருந்தது. வாசலில் இரும்பை நிறுத்தினால் அது எங்கே போகும்? சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏறியும் இறங்கியும் சோதித்தார்கள். அதனால் கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

"அம்மா கையால நின்னுபோச்சா" என்று அவன் கதவை மறுபடி சுவரோடு தள்ளிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். "சரி, கதவைத் திறந்து வெச்சா முடிஞ்சது. மலீனா, போய் உக்காரு. மேடம், வாங்க காப்பி மிச்சமிருக்கு."

"உக்காரு" என்றாள் ஸ்மராண்டா அவனிடம். "நிறுத்தினது யாருன்னு தெரிஞ்சுது. விட்டது யாரு?"

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று அக்லாயாவைக் கேட்டாள். கீழேயிருந்துதான் என்றாள் அக்லாயா. கீழே எதையோ திறந்துவிட்டார்கள். மேலே பலகணியில் சில்லு உடைந்திருக்கிறது. படிக்கட்டு புகைபோக்கி மாதிரி இழுத்தது. பாவாடை பறந்தது. காதுக்குள் ஊசி இறங்கியது. எந்தப் பைத்தியம் திறந்ததோ என்று திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினாள். மற்ற நாளில் அப்படி அடித்ததே கிடையாது.

ஸ்மராண்டா மலீனாவின் பழைய போனை வாங்கி வீடியோவை ஸம்ஃபிர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"திரைச்சீலை எப்படி ஆடுது பாருங்க ஐயா. தெரு ஜன்னல் திறந்திருக்கு. நேர் எதிரே கொல்லைக்கதவும் திறந்திருக்கு. நீங்க பகடை உருட்டிட்டு இருக்கீங்க."

வெயிலாக இருந்தது, காற்றுக்காகத் திறந்தேன், அது குற்றமா என்றார் ஸம்ஃபிர்.

"நம்ம ஊர்ல காத்துக்காக ரெண்டு பக்கமும் திறக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை. அதுவும்..." அவள் கை நீட்டி அவருடைய சட்டையின் ஓரத்தைச் சற்றே விலக்கினாள். இடுப்பைச் சுற்றிக் கம்பளிப் பட்டை, இரண்டு சுற்று. "சிறுநீரகத்துல குளிர் படக் கூடாதுன்னு ஏப்ரல்ல கம்பளி கட்டுற மனுஷன். அவரு கரண்டைத் தேடித் திறந்து வெச்சாருன்னா, அது அவருக்காக இல்லை. மாடியில ஒருத்தங்க எழுந்து போய்க் கதவைச் சாத்தணும்னு. உங்க கை எங்கேயுமே படலை. உங்க அக்காவோட பயத்தையே கையா வெச்சுக்கிட்டீங்க."

ஜேலு தன் கழுத்துத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

ஸம்ஃபிர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது, அது போன பிறகு முகம் இன்னும் சிறிதாக, இன்னும் உண்மையாக இருந்தது.

"ஆமா" என்றார். "பெட்டி வைக்க வந்தவன் என்கிட்டதான் சொன்னான், இந்தக் கதவை மட்டும் சாத்தாதீங்கன்னு. திறந்தேன். என் வீட்டு ஜன்னல், என் வீட்டுக் கதவு. காத்து விட்டதுக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடுவீங்க?"

"எந்தச் சட்டத்துலயும் முடியாது" என்று ஸ்மராண்டா ஒப்புக்கொண்டாள்.

"என் தங்கச்சி அங்க முதுகொடிஞ்சு கிடக்கறா. ஆள் மாத்தாம அவ எப்படி வருவா? வாக்குக் குடுத்திருக்கேன்."

"அம்மாவைக் கட்டியா போட்டிருக்காங்க மாமா?" என்றாள் மலீனா. அவள் குரல் உயரவில்லை. "முதுகு போனவங்க வேலையை விட்டுட்டு வருவாங்க. பொண்ணை அடமானம் வெச்சுட்டு வர மாட்டாங்க. அம்மா ஒரு நாளும் என்னை வரச் சொன்னதில்லை. நீங்கதான் சொன்னீங்க."

அவர் படியிறங்கினார். பாதியில் நின்று, என் தளத்தில் என்ன திறக்க வேண்டும், என்ன மூட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை என்றார். கீழே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கொல்லைக்கதவு.

ஆற்றுக் காற்று ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. படிக்கட்டு ஊளையிட்டது. புனிதர் படம் ஆணியில் ஆடியது. ஜேலு கம்பளித் துண்டை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, ஒரு ஆணும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்யப் போகிறவன் மாதிரி கதவைப் பிடிக்கப் போனான்.

அக்லாயா அவனை விலக்கினாள்.

அவளிடம் மலீனா ஏற்கெனவே எல்லாவற்றையும் காதருகே சொல்லிவிட்டிருந்தாள். கதவைச் சாத்தியதால் என்ன ஆனது என்று, இரண்டு தடவையும் என்ன போனது என்று. அக்லாயா சமையலறைக்குப் போய் முக்காலியை எடுத்து வந்தாள். கதவு நிலையை ஒட்டி, காற்று முழுசாக அடிக்கிற இடத்தில் அதைப் போட்டாள். உட்கார்ந்தாள். திறந்த கதவில் முதுகை வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டாள்.

"பெரியம்மா, ஜேலு சார் பிடிச்சுப்பாரு. நீங்க உள்ள போங்க."

"இது என் கதவு. நீ மேல போ. நேரமாச்சு" என்றாள் அக்லாயா.

மலீனா மேலே ஓடினாள். கீழேயிருந்து ஸம்ஃபிரின் குரல் காற்றோடு சேர்ந்து ஏறி வந்தது. அக்கா, உள்ளே போ, காது போய்விடும், உயிரே போய்விடும் என்று அவர் கத்தினார். அந்தக் குரலில் மிரட்டல் பாதி, நிஜமான பயம் பாதி.

அக்லாயா காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி மடியில் வைத்தாள். "இப்ப நல்லாக் கேக்குது" என்று கீழே பார்த்துச் சொன்னாள். "இன்னும் பெருசாத் திற."

ஸ்மராண்டா அவள் காலடியில் படியில் உட்கார்ந்தாள். விதைப் பொட்டலத்தை நீட்டினாள். இருவரும் கொறித்தார்கள். தோல்கள் கையை விட்டதும் பறந்து போயின. அக்லாயாவின் தலைத்துணி அவிழ்ந்து, நரைத்த முடி முகத்தில் அடித்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. தூக்குமேடையில் நிற்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நம்பிக்கையின்படி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். நடுப்பெட்டியின் விளக்கு வெள்ளையாக எரிந்தது. மேலேயிருந்து மலீனாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. நீரோட்டத்தோடு வரும் படகு, எதிர்த்து வரும் படகு, எது முதலில், எது நிற்க வேண்டும். தயங்காத குரல்.

கீழே ஒரு தும்மல். பிறகு இன்னொன்று. சற்று நேரம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஜன்னல் மெதுவாக, திருட்டுத்தனமாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்துக் கொல்லைக்கதவும்.

படிக்கட்டு அமைதியானது.

"கம்பளி தோத்துப்போச்சு மேடம்" என்று ஜேலு மூச்சு விடாமல் கிசுகிசுத்தான்.

அக்லாயா எழுந்திருக்கவில்லை. காற்று நின்றும் அவள் முதுகைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. மலீனா இறங்கி வரும்வரை அப்படியேதான் இருந்தாள்.

மலீனா கடைசிப் படியில் நின்றாள்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

ஜேலு அவளைத் தூக்கிச் சுற்ற முயன்று, கழுத்து நினைவு வந்து பாதியில் விட்டான். ஸ்மராண்டா பையிலிருந்த தோலையெல்லாம் தட்டிக்கொண்டு எழுந்தாள். அக்லாயா மலீனாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்தாள். கன்னம் பனிக்கட்டியாக இருந்தது.

ஸம்ஃபிர் படியேறிக் கதவருகே வந்து நின்றிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. பொலோன்யாவுக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டார். அது கேள்வியாகவும் இருந்தது, கெஞ்சலாகவும் இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மலீனா.

டேப்லெட்டில் அம்மாவை அழைத்தாள். மணி போனது. ஸம்ஃபிரின் கை தன்னையறியாமல் இரும்புக் கதவின் ஓரத்தைத் தொட்டது.

"கையை எடு" என்றாள் அக்லாயா.

எடுத்தார்.

திரையில் வியோரிகாவின் முகம் வந்தது. களைத்த முகம், பின்னால் அந்நியச் சமையலறை. என்ன ஆச்சு, பரீட்சை மறுபடி அறுந்துபோச்சா என்று அவள் கேட்டாள். படம் ஒரு துளிகூட நடுங்கவில்லை.

"இல்லைம்மா" என்றாள் மலீனா. "பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்கு வா."